உடையாத ரக்கூனும் உங்கள் கைக்கயிறும்

ரொறன்ரோ மாநகரின் கிழக்கே, ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், மல்வேர்ன் மண்ணில் விளங்கும் எங்கள் ஸ்பானிய–ஆங்கில இருமொழிப் பள்ளியில் மதிய உணவு வேளைக் கண்காணிப்பாளராய்க் காலடி வைத்து, அதன் கோடை முகாமுக்கு ஒருங்கிணைப்பாளராய் உயர்ந்து, இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் திருமதி யோகமலர் இராசரத்தினம் அவர்களுக்கு, தமிழ்ப் பிள்ளைகளின் மலர் அன்ரிக்கு, ஸ்பானியப் பிள்ளைகள் அத்தை என்னும் பொருளில் அழைக்கும் தியா மலருக்கு, எங்கள் எல்லோருக்கும் என்றென்றும் ரீச்சருக்கு, முகாம் ஊழியர்கள் அன்பால் எழுதி, அவை நடுவே வாசித்து, கண்ணாடிச் சட்டமிட்டுக் கையளிக்கும் பாராட்டு மடல்.

மாப்பசை மணக்கும் மலர்க்கரம் உடையவரே! மழலைகள் மனத்தில் மாளிகை கட்டியவரே! இயக்குநர் மரியோவையே மறுபேச்சின்றி நிற்கவைத்த மாதரசியே! வணக்கம்.

இப்படி ஒரு மடல் வேண்டாம் என்று நீங்கள் சொன்னது எங்கள் காதில் விழாமல் இல்லை. "எனக்கு மாலையும் வேண்டாம், மடலும் வேண்டாம். உந்த நேரத்துக்குப் பெயின்ற் டப்பாக்களைக் கழுவி வையுங்கோ" என்று போன கிழமை அலுவலக வாசலில் நின்று ஆணையிட்டீர்கள். டப்பாக்களைக் கழுவிவிட்டோம். அதன் பிறகே எழுத உட்கார்ந்தோம். ஆகவே எங்கள்மேல் குற்றம் காண வழியில்லை.

எழுதும் பொறுப்பு ஜூலியஸ் ஆகிய என் தலையில் விழுந்தது. முகாமில் பாட்டும் விளையாட்டும் நடத்துகிறவனுக்கு அலங்காரத் தமிழ் எங்கிருந்து வரும்? எங்கள் வான் ஓட்டுநரும் பள்ளிப் பராமரிப்பாளருமான அருள்நாயகம் அண்ணை என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியையும் மேற்பார்வை செய்தார். "ஒரு இடத்திலயாவது 'சிங்கமே' எண்டு போடும் தம்பி. இல்லாட்டி அது மடலே இல்லை" என்றார். சிங்கமே! போட்டாயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறோம். இந்தக் கிழமை முழுவதும் பிள்ளைகள் உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அடுத்த ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை நீங்கள் வருவீர்களா? தமிழில் கேட்டார்கள், ஸ்பானிய மொழியில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் கேட்டார்கள். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற நீங்கள், இதைக் கேட்டவுடன் மட்டும் பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கழுவத் தொட்டியடிக்குப் போனீர்கள். அந்தச் சட்டி இந்தக் கிழமை கழுவப்பட்டதுபோல் அதன் ஆயுளில் கழுவப்பட்டதில்லை. எட்மன்டனில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோகிறீர்கள், அது தூர தேசம், முழங்கால் வேறு சொல் கேட்பதில்லை. எல்லாம் எங்களுக்கு விளங்குகிறது. என்றாலும் மடலின் முடிவில் அதே கேள்வியை நாங்களும் கேட்கப் போகிறோம். தப்பி ஓட நினைக்க வேண்டாம். வாசலில் அருள்நாயகம் அண்ணை கதிரை போட்டு இருக்கிறார்.

விடியற் பேருந்தில் விழித்து வந்தவரே!

மல்வேர்ன் மாடிக் குடியிருப்புகளில் விளக்கெரியும் முன்னே, வேலைக்கு ஓடும் தாய்மார் தங்கள் பிள்ளைகளை அரைத்தூக்கத்தில் அணைத்துக்கொண்டு வந்து நிற்கும் வேளையில், கோடை வெயிலிலும் கதவடியில் உங்களைக் காணாத நாள் இல்லை, கோடை மழையிலும் உங்கள் குடையைக் காணாத நாள் இல்லை. முகாம் தொடங்கும் நேரம் ஒன்று, நீங்கள் கதவு திறக்கும் நேரம் வேறொன்று. "தொழிற்சாலை மணி எங்கட நேரத்துக்கே அடிக்குது?" என்று கேட்டு, பிந்தினால் வேலை போய்விடும் என்று பயந்த தாய்மாரைப் பேருந்துக்கு அனுப்பி, அவர்களின் பிள்ளைகளுக்கு நீங்களே தலைவாரிப் பின்னிவிட்ட காலைகளை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். மன்னிக்க வேண்டும், ரிபன் நிறம் மட்டும் உங்களுக்கு ஒருநாளும் பொருந்தவில்லை.

நீங்கள் இங்கே வந்தபோது உங்களுக்கு ஒரு சொல் ஸ்பானிய மொழி தெரியாது. மதிய உணவு மேசையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்ததையெல்லாம் காட்டிக் காட்டிப் பெயர் கேட்டுக் கற்றீர்கள். பிள்ளைகள் உங்களுக்குக் கற்பித்த மகிழ்ச்சியில் மரக்கறியையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்தார்கள். கல்லூரியில் காசு கட்டிப் படித்த எங்களில் சிலர் நாக்கு உருளாமல் திண்டாடியபோது, "எங்கட 'ற' இருக்கேக்கை என்ன பயம்?" என்று நீங்கள் உருட்டிய உருட்டலில் எல் சல்வடோரில் பிறந்த மரியோவே எழுந்து நின்று கைதட்டினார். அன்றிலிருந்து பள்ளி இயக்குநரான அவரும் உங்களை ரீச்சர் என்றே அழைக்கிறார்.

பாட்டிலும் படத்திலும் பாடம் கண்டவரே!

பயிற்சித்தாளைக் கண்டால் பிள்ளைகளுக்கு முன் நீங்கள் முகம் சுளித்தீர்கள். லொத்தேரியா என்ற ஸ்பானியப் படச்சீட்டு விளையாட்டில், ஒருவர் படத்தின் பெயரைக் கூவ மற்றவர்கள் தங்கள் அட்டையில் அதைத் தேடி அவரைக்கொட்டை வைக்க வேண்டும். பெட்டியோடு வந்த படங்களில் தேளும் சேவலும் இருந்தன. "மல்வேர்னில தேளை எங்க காண்கிறது?" என்று அவற்றை ஓரமாய் வைத்துவிட்டுப் பிள்ளைகளையே படம் வரையச் சொன்னீர்கள். பனி அள்ளும் சவள் வந்தது, நகரப் பேருந்து வந்தது, தமிழ்க்கடை வாசலில் குவித்திருக்கும் பலாப்பழம் வந்தது, இரவுநேர வேலை முடிந்து பகலில் நித்திரைகொள்ளும் ஓர் அப்பா குறட்டையோடு வந்தார். அந்தக் குறட்டைப் படத்தைக் கூவும்போதெல்லாம் முகாமே குலுங்கிச் சிரித்தது. படத்திலிருந்த அப்பா ஒருநாள் நேரில் வந்து தம் சொந்தச் சீட்டைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, பிறகு கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளைக்குத் தமிழே ஒழுங்கா வரேல்லை, அதுக்குள்ள ஸ்பானிஷ் எதுக்கு?" என்று கேட்டு வந்த பெற்றோர் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரோடும் நீங்கள் வாதாடவில்லை. மரியோ சுட்ட புப்பூசா என்ற சல்வடோர் அடையையும் நீங்கள் சுட்ட ரொட்டியையும் ஒரே தட்டில் வைத்து நீட்டி, "ரெண்டும் ஒரே வாயாலதானே போகுது, அன்ரி? சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ" என்பீர்கள். சாப்பிட்டவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது புப்பூசாவுக்கு எந்த மா என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

கயிறு பிடித்த கருணைக் கரத்தவரே!

அவையில் புதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பின்யாத்தா என்பது கடதாசியும் மாப்பசையும் கொண்டு செய்யும் பொம்மை. உள்ளே இனிப்பு நிரப்பி, மரக்கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடித்து உடைப்பார்கள். உறியடி பார்த்தவர்களுக்கு இது புதிதாய் இராது. எங்கள் முகாம் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை, பெற்றோர் சூழ, இதோடுதான் முடியும். எங்களிடம் இருந்த ஒரே தடி யாரோ விட்டுப்போன ஹொக்கி மட்டை.

அடிக்கிறவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் மேப்பிள் மரத்தடியில் அந்த நுனி எப்போதும் உங்கள் கையில் இருந்தது. வளர்ந்த பையன் வரிந்துகட்டிக்கொண்டு வந்தால் கயிற்றைச் சுண்டி மேலே தூக்குவீர்கள், அவன் வெறுங்காற்றை அடித்துச் சுழன்று விழுந்து சிரிப்பான். தடியைத் தூக்கவே தெம்பில்லாத சின்னஞ்சிறுசு வந்தால் பொம்மையை மெல்ல இறக்கி மட்டைக்கு நேரே கொண்டுவந்து கொடுப்பீர்கள். தன் பலத்தால்தான் பட்டது என்று அந்தப் பிள்ளை துள்ளும். எல்லோருக்கும் ஓர் அடியாவது பட்டபின்தான் பொம்மை உடையும். அதைப் பல ஆண்டுகள் தற்செயல் என்றே நாங்கள் நினைத்திருந்தோம் என்பது எங்கள் மூளைக்கு ஒரு சான்றிதழ்.

புகை சூழ்ந்த கோடையில் புன்னகை காத்தவரே!

மூன்று கோடைக்கு முன், வடக்கே காடுகள் எரிந்து, அந்தப் புகை இங்கே இறங்கி, வெயிலே மஞ்சளாய் விழுந்த கிழமை ஒன்று வந்தது. பிள்ளைகளை வெளியே விடக்கூடாது என்றார்கள். நீர்ப்பூங்காவும் இல்லை, மிருகக்காட்சிச்சாலையும் இல்லை. அந்தக் கிழமைதான் கமிலா வந்து சேர்ந்தாள். கொலம்பியாவிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஏழு வயதுப் பிள்ளை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அதே மேசையின் மற்ற மூலையில் எங்கள் நிலக்சி, அதே வயது, மல்வேர்னில் பிறந்தவள், பள்ளியில் கூட்டாளி என்று ஒருவரும் இல்லாமல் தன்பாட்டில் கதைத்துக்கொண்டு இருந்தாள். நீங்கள் சமாதானம் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்து, கோதுமை மாவைக் கொட்டி, தண்ணீரை ஊற்றி, "கட்டி வராமல் கரைக்கோணும். எனக்குக் கை நோகுது" என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு நடந்துவிட்டீர்கள். உங்களுக்கு அன்று கை நோகவில்லை, ரீச்சர். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மதியத்துக்குள் நான்கு கைகளும் முழங்கை வரை பசை. "அக்வா" என்றாள் கமிலா. "தண்ணி" என்றாள் நிலக்சி. அதற்குப் பிறகு இரண்டு பேரையும் பிரிக்க எங்களால் முடியவில்லை. அந்த ஆண்டுப் பின்யாத்தாவை ரக்கூன் வடிவில் செய்வது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள்தான். ரொறன்ரோவில் குப்பைத்தொட்டியைத் தன் சொந்த வீடாய் நினைக்கும் பிராணியைத் தவிர வேறு எதைச் செய்வது? தமிழ்க்கடையில் சும்மா கிடைக்கும் வாரப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்து கிழித்து ஒட்டினார்கள். வீடு விற்கும் முகவர்களின் சிரித்த முகங்கள் அந்த ரக்கூனின் வயிறு முழுவதும் பரவின. நடு மண்டபத்தில், ஒரு வேலையும் செய்யாமல், எல்லோரும் வந்து தடவிக்கொடுக்கத் தொங்கியதால் அருள்நாயகம் அண்ணை அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்.

பிழை அங்கேதான் நடந்தது. ஒருநாள் மாப்பிள்ளையின் காது கழன்று விழ, நிலக்சியின் கண் கலங்கியது. கொண்டோ என்ற மாடிக் குடியிருப்புக் கட்டடங்களில் சுவர்ப்பலகை அடித்துப் பூசிய கை அருள்நாயகம் அண்ணையின் கை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், சுவர் மூட்டுகளுக்கு ஒட்டும் வலைநாடாவை அந்தக் காதிலிருந்து கால் வரை சுற்றி, மேலே சுவர்ப்பூச்சும் பூசிவிட்டார். "செய்யிறதைத் திறமாச் செய்யோணும்" என்பது அவர் கொள்கை. அவர் செய்தது தெரியாமல் நானும் ஓர் அடுக்கு ஒட்டினேன். நான் ஒட்டியது தெரியாமல் மற்றவர்களும் ஒட்டினார்கள். ஒரே கறிக்கு ஆளாளுக்கு உப்புப் போட்ட கதை. உடைப்பதற்கென்று செய்த ஒன்றை உடையாமல் இருக்கச் செய்து முடித்தோம்!

சொன்ன சொல்லைச் சொக்கத்தங்கமாய் நிறுத்தியவரே!

அந்த ஆண்டு முகாமின் கடைசிக் கிழமை, திங்கட்கிழமை, மரியோ எங்களை அலுவலகத்துக்கு அழைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இதுதான் கடைசிக் கோடை என்றார். சேரும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள், கட்டடத்தைக் கோடையில் வேறு தேவைக்குக் கேட்கிறார்கள், இனித் தம்மால் தாங்க முடியாது என்றார். அவர் கெட்டவர் அல்லர். எங்கள் வேலையை நினைத்து நாங்கள் நின்றோம். நீங்கள் அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்து நின்றீர்கள். கமிலா ஒரு பள்ளி, நிலக்சி வேறொரு பள்ளி. கோடையில் இந்த மண்டபம் இல்லையென்றால் அவர்கள் சந்திக்க இடமே இல்லை.

"பிள்ளையளுக்கு இப்ப சொல்லாதேங்கோ. வெள்ளிக்கிழமை பின்யாத்தா உடைஞ்ச பிறகு சொல்லுங்கோ" என்று அவருக்கு ஸ்பானிய மொழியிலும் எங்களுக்குத் தமிழிலும் சொன்னீர்கள். உடைந்த பிறகு என்று மரியோவும் வாக்குக் கொடுத்தார். அவர் பாவம், மாப்பிள்ளையின் உடம்பில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அருள்நாயகம் அண்ணை, அவரும் தாம் செய்தது நல்ல காரியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை புகையெல்லாம் போய் வானம் தெளிந்திருந்தது. சின்னவர்கள் அடித்தார்கள், நீங்கள் இறக்கிக் கொடுத்தீர்கள், பட்டது, உடையவில்லை. இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் அடித்தார்கள். பெரியவர்கள் அடித்தார்கள். நீங்கள் கயிற்றைத் தூக்குவதையே விட்டுவிட்டு மாப்பிள்ளையை அப்படியே அடிக்கு முன்னால் நிறுத்தினீர்கள், அப்போதும் உடையவில்லை. "ஒத்ரா வெஸ்! ஒத்ரா வெஸ்!" இன்னொருமுறை, இன்னொருமுறை என்று பிள்ளைகள் கத்தினார்கள். வேலை உடையோடு வந்த அப்பாமார் அடித்தார்கள். கிரிக்கெட் விளையாடுகிற ஓர் அங்கிள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து அடித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஒரு வீட்டு முகவரின் மூக்கு மட்டும் கொஞ்சம் நசுங்கியது. அவர் சிரிப்பு நசுங்கவில்லை. அருள்நாயகம் அண்ணையின் முகம் மெல்ல மெல்ல மாறுவதை அப்போதுதான் நான் கண்டேன். "கடவுளே, நாடா" என்று முணுமுணுத்தார்.

கடைசியில் மரியோ எழுந்தார். முடிவை அறிவிப்பதற்கென்று போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடு, கண்ணைக் கட்டிக்கொண்டு, தம் மனத்திலிருந்த துக்கத்தையெல்லாம் சேர்த்து ஓர் அடி அடித்தார். ஹொக்கி மட்டை இரண்டாய் முறிந்தது. மாப்பிள்ளை ஒருமுறை சுழன்று பழையபடி எங்களைப் பார்த்துத் தொங்கினார்.

கமிலா உதட்டைப் பிதுக்கத் தொடங்கினாள். "அன்ரி, so இப்ப என்ன?" என்று நிலக்சி கேட்டாள். மரியோ கண்கட்டை அவிழ்த்தார். முறிந்த மட்டையைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார். கயிறு உங்கள் கையில் இருந்தது. முழு முகாமின் மூச்சும் அதில்தான் தொங்கியது.

"மரியோ, உடைஞ்ச பிறகு எண்டுதானே சொன்னனீங்கள்? உடையேல்லையே" என்று ஸ்பானிய மொழியில் கேட்டீர்கள்.

அவர் வாய் திறக்கும் முன்னே பிள்ளைகள் பக்கம் திரும்பி, மூன்று மொழியிலும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சட்டம் போட்டீர்கள். "மாப்பிள்ளை உடையேல்லை. அப்ப முகாமும் முடியேல்லை. உள்ளுக்குள்ள இருக்கிற இனிப்பு உங்கட. உடைக்காத ஆக்கள் எல்லாரும் வாற வருசம் வந்து அடிக்கோணும்." பிள்ளைகள் எழுப்பிய சத்தத்தில் மேப்பிள் மரத்துக் குருவியெல்லாம் பறந்தது. மரியோ அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று, எங்களிடம் பொறுக்கிய தமிழில் தமக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார். "ஓம்" என்று சம்மதித்தார். சொல்லிவிட்டு அழுதார். அருள்நாயகம் அண்ணையும் அழுதார், அது நாடாவின் குற்ற உணர்ச்சியாலா, மகிழ்ச்சியாலா என்று இன்றுவரை தெளிவில்லை.

பனியிலும் படியேறிய பரோபகாரியே!

ஒரு வாய்ச்சொல்லால் முகாம் பிழைத்துவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நீங்கள் பனிச்சப்பாத்தோடு மாடி மாடியாய் ஏறினீர்கள். கோவில் அன்னதான வரிசையில் பிள்ளை சேர்த்தீர்கள், துணி தோய்க்கும் அறையில் பிள்ளை சேர்த்தீர்கள், நகரின் மறுகோடியில் ரெக்ஸ்டேலில் இருக்கிற சொந்தக்காரரையும் விடவில்லை. "அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கொண்டுவருவது?" என்று அவர்கள் கேட்க, "உங்கட பிள்ளை வராட்டிலும் உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை வரும்" என்றீர்களாம். உங்கள் கணவர் இராசரத்தினம் அங்கிள் காருக்குள் இருந்து கோப்பி குடித்துக் குடித்துக் காத்திருந்தார். அவருக்கும் இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு. வசந்தம் வந்தபோது பிள்ளைகள் முன்னைவிடக் கூட இருந்தார்கள். கட்டடக்காரரை மரியோ எப்படிச் சமாளித்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாயிற்று. கடைசி வெள்ளியன்று பிள்ளைகள் முதலில் சாதாரண பின்யாத்தா ஒன்றை உடைத்து இனிப்பை அள்ளுவார்கள். பிறகு மாப்பிள்ளை கிளைக்கு வருவார். எல்லோரும் புது ஹொக்கி மட்டையால் ஆளுக்கோர் அடி கொடுப்பார்கள். ஒருவராலும் உடைக்க முடியாது. ஒருவரும் உடைந்துவிட வேண்டும் என்று விரும்புவதும் இல்லை. உள்ளே இருக்கிற எள்ளுப்பாகு இப்போது கல்லாய்ப் போயிருக்கும், அதை யாருக்குக் கொடுப்பது என்ற கவலையும் எங்களுக்கு உண்டு. நிலக்சியும் கமிலாவும் இதோ முன்வரிசையில் தோளோடு தோள் இருக்கிறார்கள். ஒருத்தி மற்றவளின் மொழியில் ஏசுகிறாள், மற்றவள் அதற்கு இவளின் மொழியில் பதில் கொடுக்கிறாள். இதைவிட ஒரு மொழிப்பாடத்தில் என்ன வேண்டும்?

விடைபெறும் வித்தகியே!

அடுத்த கோடையிலிருந்து முகாமும் கயிறும் என் கையில். மரியோ சொல்லிவிட்டார், முகாம் தொடரும். தலையில் மயிர் போன வயதிலும் எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை இந்த அவையில் மறைக்கப் போவதில்லை. போன வெள்ளி ஒத்திகையில் நான் கயிற்றைப் பிடித்து, ஒரு சின்னப் பிள்ளை வீசுகையில் தவறி மேலே தூக்கிவிட்டேன். "ஜூலியஸ், மாப்பிள்ளையைப் பாராதையும். பிள்ளையின்ர முகத்தைப் பாரும்" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தீர்கள். அதை நினைவில் வைத்திருக்கிறேன். நீங்கள் போன பிறகும் அந்தக் குரல் வரும் என்று நம்பிக்கொண்டு இருக்கிறேன், வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எங்களுக்கு உங்களை விட மனமில்லை, ரீச்சர். அதை எந்த அடைமொழிக்குள் வைத்துச் சொல்வது என்றும் தெரியவில்லை. எட்மன்டன் குளிர் உங்கள் முழங்காலிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும். பிந்தி எழும்பும் சுகம் எப்படியென்று நீங்கள் முதன்முறையாக அறியட்டும். அங்கிள் கோப்பியை வீட்டுக்குள் இருந்து குடிக்கட்டும். நோயில்லாமல், நோவில்லாமல், நூறும் கடந்து, மாப்பிள்ளையைப் போல எத்தனை அடிக்கும் அசையாமல், உள்ளே இனிப்போடு நீங்கள் வாழ வேண்டும்.

இனி அந்தக் கேள்வி. அடுத்த ஓகஸ்ட் கடைசி வெள்ளி நீங்கள் வருவீர்களா?

பதில் சொல்ல வேண்டாம். கழுவுவதற்குச் சட்டியும் இல்லை, அதை அருள்நாயகம் அண்ணை வானுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். தயவுசெய்து எழுந்து வெளியே மேப்பிள் மரத்தடிக்கு வாருங்கள். மாப்பிள்ளை அங்கே தொங்குகிறார். இந்த மடலின் பிரதி ஒன்றை மாப்பசை தடவி அவர் நெஞ்சில் ஒட்டியிருக்கிறோம், பசை கரைத்தவர்கள் நிலக்சியும் கமிலாவும். இத்தனை ஆண்டுகளில் எல்லோரையும் அடிக்க விட்டீர்கள், நீங்கள் ஒருமுறையும் அடித்ததில்லை. இன்று மட்டை உங்கள் கைக்கு வருகிறது. கண்ணைக் கட்டிவிடுவோம். கயிற்றின் நுனியை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்திருப்போம், மரியோ உட்பட.

வீசுங்கள், ரீச்சர். உங்களுக்கு எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவும் வைத்து வீசுங்கள். படாது. பலசாலி வந்தால் கயிற்றைத் தூக்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டித் தந்தது நீங்கள். நீங்கள் களைத்துப்போய் மட்டையைக் கீழே வைக்கும்வரை தூக்கிக்கொண்டே இருப்போம். மாப்பிள்ளை உடைய மாட்டார். உடைக்காத ஆட்கள் எல்லோரும் வாற வருசம் வந்து அடிக்க வேண்டும். சட்டம் நீங்கள் போட்டது.

கயிற்றை விடாத கைகளோடு,
கோடை முகாம் ஊழியர்கள்,
மல்வேர்ன், ஸ்காபரோ.
ஓகஸ்ட் கடைசி வெள்ளி